மணமகள் அறையின் சாவி

தம்பி,

நீ மன்னார்புரத்தில் மாமா வீட்டில்தான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து கதவைத் தட்டிவிடலாம். தட்டினால் என்ன நடக்கும் என்றும் தெரியும். நான் பேச ஆரம்பிப்பேன், நீ "வேணாம்மா, விடு" என்பாய், நான் அழுவேன், உன் அத்தை காபி கொண்டு வந்து வைப்பாள், சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே திரும்பிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். திங்கட்கிழமை கோட்டாட்சியர் விசாரணை. செல்வி என்கிற பெண்ணை ஆடி மாதத்தில் எங்கே வைத்திருந்தார்கள் என்று என்னைக் கேட்கப் போகிறார்கள். நான் வாயைத் திறந்தால் உனக்குக் கிடைக்கப் போகிற போலீஸ் வேலை போய்விடும் என்று நீ பயப்படுகிறாய். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நான் ஏன் காவல் தொண்டராகப் போனேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் சேவை என்று சொல்லியிருக்கிறேன். உன் அப்பா பைபாஸில் லாரி அடித்துச் செத்தபோது உனக்கு ஆறு வயது. எஃப்.ஐ.ஆர். நகல் வாங்க ஸ்டேஷன் வாசலில் காலையிலிருந்து நின்றேன். நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். யாரும் எங்களைத் திட்டவில்லை, விரட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. உள்ளே பெஞ்சில் ஒரு வட்டிக்கடைக்காரர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு முடிவு செய்தேன், எப்படியாவது அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு இடம் பிடித்துவிட வேண்டும் என்று. கல்யாண மண்டபத்தில் மேற்பார்வை வேலை கிடைத்த பிறகு அது தானாக வந்தது. திருவிழா பந்தோபஸ்துக்கு வெளியூர் போலீஸ் வந்தால் நம் மண்டபத்தில்தான் தங்குவார்கள். பக்கெட், தண்ணீர், பாய் எல்லாம் நான் கொடுப்பேன். "அக்கா சுறுசுறுப்பா இருக்கீங்க, தொண்டர்ல சேந்துடுங்களேன்" என்று ஒருவர் சொன்னார். ஒரு தொப்பி, ஒரு விசில், கழுத்தில் தொங்க ஓர் அட்டை. சம்பளம் கிடையாது. பந்தோபஸ்து நாளில் ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம்.

என்னோடு சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறாய். பஞ்சர் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், சமையல் கான்ட்ராக்டரிடம் பந்தி பரிமாறுகிறவர். ஏகாதசிக் கூட்டத்தில் கயிறு பிடிக்கப் பெரிய வீட்டுக்காரன் எவனாவது வந்தானா? அவனுக்கு எதற்கு? அவன் போன் செய்தால் ஸ்டேஷனே வீட்டுக்கு வரும். நாங்கள் நாளைக்கு ஏதாவது வந்தால் ஒரு முகமாவது தெரிந்திருக்கட்டும் என்று வந்தவர்கள். மேடையில் எங்களுக்குத் துண்டு போட்டுத் தன்னலமற்ற சேவை என்பார்கள். நாங்களும் தலையாட்டுவோம். பயத்தில் வந்தோம் என்று மைக்கில் சொல்ல முடியுமா?

அந்தத் தொப்பி எனக்குப் பிடிக்கவும் செய்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் வரிசையில் நின்று "இந்தப் பக்கம் வாங்கம்மா, தள்ளாதீங்க" என்றால் நாலு தெரு சனம் கேட்டது. நீ பத்தாவது படிக்கும்போது மாமா வண்டியை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டினாயே, தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து ஒரே நிமிஷத்தில் உன்னைக் கூட்டி வந்தேன். உன் பின்னால் உட்கார்ந்து வந்த பையன் அங்கேயே நின்றான். அவன் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். "அவனையும் விடச் சொல்லும்மா" என்று நீ வழியெல்லாம் கேட்டாய். அவங்கவங்க வீட்டைப் பார்த்துக்குவாங்க, நீ பேசாம வா என்றேன். அன்றைக்குத்தான் நீ போலீஸ் ஆக வேண்டும் என்று நினைத்திருப்பாய். உள்ளே இருப்பவனுக்கும் வெளியே நிற்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நான்தானே காட்டினேன்.

பெண் தொண்டர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. அது எந்தப் பயிற்சியிலும் சொல்லப்படாதது. ஸ்டேஷனுக்கு ஒரு பெண்ணைக் கூட்டி வந்தால் பக்கத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும். பெண் போலீஸ் எல்லாம் படித்துறைக்கும் கோயிலுக்கும் பந்தோபஸ்து போயிருந்தால் எனக்குப் போன் வரும். "அக்கா, கொஞ்சம் வந்து உக்காருங்க." அவ்வளவுதான், உட்கார வேண்டும். காதலித்து ஓடிவந்த பெண், பஸ் ஸ்டாண்டில் வழி தெரியாமல் திரிந்த கிழவி, மாமியாரை அடித்தவள், மாமியாரால் அடிபட்டவள். தண்ணீர் கொடுத்திருக்கிறேன், தலைவாரி விட்டிருக்கிறேன், பை நிறைய நாப்கின் வாங்கிப் போயிருக்கிறேன். நான் இருந்ததால் அவர்களுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது என்று நம்பினேன். வந்ததும் உண்மைதான். ஆனால் நான் உட்கார்ந்திருந்ததால்தான் அவர்களை அங்கே உட்கார வைக்க முடிந்தது என்பதை யோசிக்கவே இல்லை.

செல்வியைக் கொண்டு வந்தது ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்னால். ஜீயபுரத்தில் வாழை இலை அறுக்கப் போகிற பெண். அவள் புருஷன் மினி வேன் ஓட்டுகிறவன். கொள்ளிடக்கரையில் ஒரு பெரிய மனிதரின் தோப்பில் மோட்டார் ஒயர்களை யாரோ அறுத்துக் கொண்டு போய்விட்டார்கள். செம்புக்கம்பி. இவன் மேல் சந்தேகம், இவன் ஆளைக் காணோம். அதனால் பொண்டாட்டியைக் கொண்டு வந்துவிட்டார்கள். புருஷன் வந்தால் இவள் போகலாம். இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது, எந்தக் காகிதத்திலும் இதை எழுதவில்லை என்று மட்டும் தெரியும். அவன் திருடினானா இல்லையா, அதுவும் எனக்குத் தெரியாது. திருடியிருக்கலாம். இவள் திருடவில்லை.

அவளுக்கு அன்று மாதவிலக்கு. ஸ்டேஷன் பின்னாலிருந்த கழிப்பறையில் தாழ்ப்பாள் கிடையாது. ஆண்கள் போய் வந்துகொண்டிருந்த இடம். அவள் மத்தியானம் முழுக்க அடக்கிக்கொண்டு சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்ந்தால் பெண்ணை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது, மகளிர் ஸ்டேஷனுக்கு அனுப்பினால் பெயர் எழுத வேண்டும். எஸ்.ஐ. யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது நான்தான் சொன்னேன், தம்பி. யாரும் என்னைக் கேட்கவில்லை. "சார், நம்ம மண்டபம் ஆடிக்குச் சும்மாத்தான் கிடக்கு. மணமகள் ரூம்ல பாத்ரூமோட இருக்கு. நான் கூட்டிட்டுப் போய் வச்சுக்கிறேன்." அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அக்கான்னா அக்காதான்" என்றார்.

அந்த அறையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோஜா நிறச் சுவர், ஆளுயரக் கண்ணாடி, அதைச் சுற்றிப் பல்புகள். ஆயிரம் பெண்கள் அதில் பூ வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். செல்வி உள்ளே போனதும் கண்ணாடியைப் பார்த்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், என் நைட்டியைக் கொடுத்தேன், மின்விசிறியை அளவாக வைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தி, பூட்டினேன். நீ அப்போதுதான் இட்லி வாங்கிக்கொண்டு வந்தாய். பார்த்துவிட்டு, "எதுக்கும்மா பூட்டுற?" என்றாய். "ஓடிட்டா என்னையத்தான்டா கேப்பாங்க" என்றேன். மறுபடி திறந்தேன், நீ இட்லியை அவளிடம் கொடுத்தாய்.

மூன்று நாள் அப்படிப் போயிற்று. காலையில் ஸ்டேஷன், சாயங்காலம் மண்டபம். ஊரே படித்துறையில் காப்பரிசி தின்றுகொண்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்த அன்று, அவள் அந்த அறையில் தன் தாலிக்கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் புருஷனை மணப்பாறைச் சந்தையில் பிடித்துவிட்டார்கள். எஸ்.ஐ. போனில் "அனுப்பி விட்டுடுங்கக்கா" என்றார், மளிகைக் கடைக்காரப் பையனுக்குச் சொல்வது மாதிரி. ஜீயபுரம் பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தேன். நல்லபடியாக முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அவளுக்கு முடியவில்லை. மாமியார் வீட்டுக்குள் விடவில்லை. இத்தனை நாள் எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய்? போலீஸ் வைத்திருந்தது என்றால், ஸ்டேஷனில் அப்படி யாரும் வரவில்லை என்கிறார்கள். மண்டபத்தில் இருந்தேன் என்றால், ஆடியில் எந்த மண்டபத்தில் என்ன விசேஷம் என்று சிரிக்கிறார்கள். பிள்ளையைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறாள் மாமியார். அதனால்தான் அவள் அக்கா ஒரு வக்கீலைப் பிடித்து மனு கொடுத்தாள். நஷ்ட ஈடு கேட்டு இல்லை. நான் இந்த இடத்தில்தான் இருந்தேன், என்னை இன்னார்தான் வைத்திருந்தார்கள் என்று அரசாங்கம் ஒரு வரி எழுதித்தர வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்பது.

எஸ்.ஐ. மண்டபத்துக்கே வந்தார். உன்னையும் என்னையும் பற்றி ரொம்ப அன்பாக விசாரித்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், உட்கார்ந்து, "நான் உங்களைப் பூட்டச் சொன்னேனாக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நல்லா யோசித்தேன். அவர் பூட்டச் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளச் சொன்னாரா? அதுவும் நான் சொன்னதுதான். "அப்புறம் என்ன? அந்தப் பொண்ணு பாத்திரம் கழுவ வந்துச்சு, தங்கிருச்சு. அப்படித்தான் சொல்லணும். வேற மாதிரி சொன்னீங்கன்னா ஒரு பொம்பளையை அடைச்சு வச்சது நீங்கன்னு ஆயிரும். தொண்டர்தானே, எங்க சம்பளப் பட்டியல்ல உங்க பேர் இல்லையே." எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "தம்பியோட போலீஸ் வேலைக்கான வெரிஃபிகேஷன் என் டேபிள்லதான் இருக்கு. நல்ல பையன். நல்லபடியா எழுதிருவோம்."

இத்தனை வருஷம் உள்ளே இடம் பிடித்தேன் என்று நினைத்தேனே, அது இந்த இடம்தான். வெளியே போனால் குற்றவாளி, உள்ளே இருந்தால் கையாள். அவர் எனக்கு எந்தக் கட்டளையும் இடவில்லை என்பதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொன்னால் அவர் தப்பிவிடுவார், நான் மாட்டுவேன். அவர்தான் பூட்டச் சொன்னார் என்று பொய் சொன்னால் அவளுக்கு நியாயம் கிடைக்கலாம், நானும் தப்பலாம். பாத்திரம் கழுவ வந்தாள் என்று பொய் சொன்னால் உனக்கு வேலை கிடைக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் தலையில் கால் வைத்துத்தான் நகர வேண்டும். நான்கு ராத்திரி இதையே உருட்டினேன். அந்த நேரத்தில்தான் நீயும் சொன்னாய், "நீ எதுவும் சொல்லாதம்மா, எனக்காக." மறுநாள் மாமா வீட்டுக்குப் போய்விட்டாய். என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை ஜீயபுரம் போனேன். செல்வி அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். இலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து கிழிசல் இலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அக்காக்காரி பாய்ந்து வந்தாள். வாயில் வந்ததெல்லாம் சொன்னாள், நான் நின்று வாங்கிக்கொண்டேன். செல்வி தலையைத் தூக்காமல், "விடுக்கா, அவங்க நல்லவங்கதான்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"வெந்நி வச்சுக் குடுத்தீங்க. நைட்டி குடுத்தீங்க. அதனாலதான் நான் கத்தல. ஸ்டேஷன்லயே போட்டிருந்தா முதல் நாளே கத்தியிருப்பேன், ரோட்டுல போறவனாச்சும் கேட்டிருப்பான்."

தம்பி, எஸ்.ஐ. பேசியது எனக்குப் பயமாக இருந்தது. இது அப்படி இல்லை. இது என்னை உட்காரவைத்துவிட்டது. நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்தேன், அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

அப்புறம்தான் வக்கீல் சொன்ன விஷயத்தை என்னிடம் சொன்னார்கள். மண்டபத்துக் கேமரா முகூர்த்தம் இல்லாத மாதத்தில் ஓடாது. நான் சொல்வதை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அளக்கிறாள் என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் ஒரு சாட்சி இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று சாயங்காலம் செல்வி ஒரு போனிலிருந்து அக்காவிடம் பேசியிருக்கிறாள். "ஸ்ரீரங்கத்துல கல்யாண மண்டபத்துல இருக்கேன், பிள்ளையைப் போய்ப் பாத்துட்டு வா" என்று. அந்த நேரத்தில் அந்த போன் எந்த இடத்தில் இருந்தது என்று கம்பெனியிடம் கேட்டு வாங்கலாமாம். அது யாருடைய நம்பர் என்று கேட்டேன். அக்காக்காரி தன் போனை என் பக்கம் திருப்பினாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

மோட்டார் போட நான் கீழே போயிருந்த நேரம். தட்டைக் கொடுத்துவிட்டு வா என்று உன்னிடம் சாவியைக் கொடுத்திருந்தேன். "யாருக்காச்சும் பேசணுமாக்கா?" என்று நீயாகத்தான் கேட்டாயாம். அவள் கேட்கவில்லையாம். பேசி முடிக்கும் வரை நீ படியில் நின்று என் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாயாம். என்னிடம் நீ சொல்லவே இல்லை. உன்னை வக்கீல் கூப்பிட்டதையும் சொல்லவில்லை. அதனால்தான் போனை அணைத்துவிட்டு மாமா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாய்.

அந்த நம்பரை அவர்கள் இதுவரை எங்கும் கொடுக்கவில்லை. செல்விதான் தடுத்து வைத்திருக்கிறாள். "அந்தத் தம்பி வேலைக்குப் போகப் போகுதுன்னு இட்லி குடுக்கும்போதே சொல்லுச்சு. அதுவா வந்து சொன்னா சொல்லட்டும். நாம இழுக்க வேணாம்" என்கிறாள். பிள்ளையைப் பார்க்க முடியாமல் கிடக்கிறவள் சொல்கிறாள். அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு. இந்த நல்ல குணம்தான் நம் மாதிரி ஆட்களை ஒருவரை ஒருவர் உள்ளே வைத்துப் பூட்டச் செய்கிறது.

திங்கட்கிழமை நான் என் பங்கைச் சொல்லப் போகிறேன். நடந்தது நடந்தபடி. மண்டபத்தில் வைக்கிறேன் என்று சொன்னது நான். பூட்டியது நான். பூட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலேயே நான் ஏன் பூட்டினேன் என்று அவர்கள் கேட்டால் அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். என் மேல் வழக்கு வந்தால் வரட்டும். அம்மா மேல் வழக்கு இருந்தால் சட்டப்படி மகன் வேலைக்குத் தடையில்லை என்று வக்கீல் சொல்கிறார். சட்டப்படி என்ற சொல்லை உள்ளே உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்டவள் நான். அதனால் உனக்கு அந்த ஆறுதலைச் சொல்ல மாட்டேன். வேலை போகலாம். நீ விடியற்காலையில் மைதானத்தில் ஓடியதும், கால் வீங்கி வந்து உப்புத் தண்ணீரில் வைத்ததும் எனக்குத் தெரியும். அதை என் ஒரு வாக்குமூலம் தின்றுவிடலாம். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

வேலை போகாமல் கிடைத்துவிட்டால் ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். அங்கே உனக்கு யாரும் எதையும் செய்யச் சொல்ல மாட்டார்கள். யோசித்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். நீயே முன்வந்து "நான் பார்த்துக்கிறேன் சார்" என்பாய். அப்படிச் சொல்லத்தான் நாம் வளர்ந்திருக்கிறோம். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொள். பெரிய மனிதனாக எதிர்த்துப் பேசு என்று சொல்லவில்லை. முன்வராதே. அவர்களே வாய் திறந்து கட்டளையிடட்டும், எழுதட்டும், கையெழுத்துப் போடட்டும்.

உன் போனைப் பற்றி நான் விசாரணையில் பேச மாட்டேன். என்னைக் கேட்டால், அதை அவன்தான் சொல்ல வேண்டும் என்பேன். அந்த அறையில் சாவி உன் கையில் சில நிமிஷம்தான் இருந்தது. நான் மூன்று நாளில் செய்யாததை நீ அந்தச் சில நிமிஷத்தில் செய்தாய். அதை நீ இப்போது தப்பு மாதிரி ஒளித்து வைத்திருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு மாதப் பத்திரிகையில் இந்தக் கடிதத்தைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் பெயர் எதுவும் வேண்டாம், அவள் பெயரையும் மாற்றிவிடுங்கள் என்றிருக்கிறேன், ஆனால் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் அவர்களுக்கு அனுப்பும் முன்பு உனக்கு அனுப்புகிறேன். மாமாவிடம் ஒரு பேனாவும் கொடுத்து விடுகிறேன். போன் வருகிற இடத்தையெல்லாம் நீ அடித்துவிடலாம். செல்வியின் அக்கா போனைத் திருப்பிக் காட்டியது, நீ படியில் நின்றது, எல்லாவற்றையும். இந்தக் கடைசிப் பத்தியையும் சேர்த்து. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், மிச்சத்தை மட்டும் அச்சுக்குக் கொடுப்பேன். நீ அடிக்காமல் திருப்பி அனுப்பினால், முகம் தெரியாத யாரோ ஒருவர் இந்த வரி வரைக்கும் படிப்பார்.

அம்மா